இல்லையென்று சொல்லாத மனுசன்

“இல்லை என்ற சொல்லையே அறியாதவர் அண்ணன் தவசிலிங்கம்” என்று முடித்துவிட்டுப் புலவர் மைக்கிலிருந்து வாயை எடுத்துக்கொண்டார். கை தட்டுவதற்கு இடம் விடுகிறாராம். தட்டினார்கள். தகரக் கூரை போட்ட சமுதாயக் கூடத்தில், மத்தியானம் மூணு மணி வெயிலில், பட்டாசு ஆபீஸில் வெடி செய்கிற சனம் முந்நூறு பேர் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து தட்டினார்கள். மேடையில் நாலு நாற்காலி. மூணாவதில் இருந்த சங்கரவடிவு தட்டவில்லை. போன பங்குனியில் வெந்து ஒட்டிப்போய், டாக்டர் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்ட இடது கை விரல்களை முந்தானைக்கு அடியில் வைத்திருந்தாள். அந்தக் கையால் தட்டினால் சத்தம் வராது என்று ஊருக்கே தெரியும், அதனால் யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்லதாப் போச்சு என்று நினைத்தாள். இல்லை என்ற சொல்லையே அறியாதவராம். வாயில் நல்லா வருது எனக்கு. ஏன்யா புலவரே, பட்டாசு ஆபீஸ் வாசலைத் தாண்டி ஒரு நாளாவது காலை உள்ளே வைத்திருக்கிறீரா நீர்? வாசலிலேயே போர்டு நிற்கும், பதினாலு வரி. வளையல் கொலுசு போட்டு வரக் கூடாது. இரும்புச் சாமான் கொண்டுவரக் கூடாது. ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இடி மின்னல் என்றால் வேலை பார்க்கக் கூடாது. பதினாலு வரியும் கூடாது, கூடாது என்றுதான் முடியும். அந்தப் பதினாலு கூடாதையும் வாய் வலிக்கச் சொல்லி ஆட்களைத் தடுத்து நிறுத்தத்தானே போர்மேன் என்று ஒரு ஆளைப் போட்டிருக்கிறது? அவரைப் போய் இல்லையென்று சொல்லத் தெரியாதவர் என்று மெச்சுகிறீரே, பிரேக் பிடிக்கத் தெரியாதவனை நல்ல டிரைவர் என்று மெச்சுகிற மாதிரி. புலவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

கூட்டம் எதற்கென்றால், படத்திறப்புக்கு. போன வருசம் இதே நாள் ஊருக்குத் தெற்கே இருக்கிற பட்டாசு ஆபீஸில் ஏழாம் நம்பர் அறை வெடித்தது. கலந்து வைத்த வெடி மருந்தைக் குழாய்க்குள் செலுத்துகிற அறை அது. உள்ளே நாலு பொம்பளை ஆட்கள். போர்மேன் தவசிலிங்கம் தீக்குள் ஓடி, மூணு பேரை ஒவ்வொருத்தராகத் தூக்கி வந்து வேப்பமரத்தடியில் போட்டார். நாலாவது ஆளைத் தூக்கப் போனபோது கூரை இறங்கிவிட்டது. அந்த நாலாவது ஆள் முப்பிடாதி, வடிவின் கூடப்பிறந்த தங்கச்சி. மூணாவதாக வெளியே வந்தவள் வடிவு. அதனால்தான் இன்றைக்கு மேடையில் அவளுக்கு நாற்காலி. தொழிலாளர் சங்கச் செயலாளர் இருளப்பன் முந்தாநாள் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். “ஒண்ணும் பெருசாப் பேச வேண்டாம் தாயி. அவராலதான் நான் இன்னைக்கு உக்காந்திருக்கேன்னு நாலு வார்த்தை. பெறகு கயித்தப் புடிச்சு இழுத்தா துணி வெலகிரும். போட்டோக்காரன் கிளிக்கிருவான். அம்புட்டுதான்.” அவருக்கென்ன, அம்புட்டுதான். மேடையின் பின்பக்கம் பச்சைப் பட்டுத் துணிக்குள் ஆளுயரப் படம் நிற்கிறது. அதுக்கு மேலே பிளெக்ஸ் பேனர், ‘தியாகச் சுடர்’ என்று கொட்டை எழுத்தில். எவன் வைத்த பட்டம் இது? தீயில் வெந்து செத்தவருக்குச் சுடர் என்று பட்டம் கொடுக்க எப்படித்தான் மனசு வந்ததோ. வேற வார்த்தையே கிடைக்கலையா இந்தப் பாவிகளுக்கு? கழுத்தில் வெந்த தோல் இழுத்தது. வெந்த இடத்தில் வேர்வை வராது. சுற்றிலும் உள்ள நல்ல தோலில் வேர்த்து, வெந்த தோலுக்கு அடியில் அரிப்பு மட்டும் ஓடும். சொரிந்தால் பிய்ந்துவிடும். மேடையில் உட்கார்ந்து கழுத்தைச் சொரிகிறாள் பார் என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

நாலு தரம் உள்ளே போனார். அதை இல்லையென்று அவள் எப்போதும் சொன்னதில்லை. சொல்ல முடியாது, அவர் தோளில் தொங்கி வந்தவள் அவள். போனார், சரி. தூக்கினார், சரி. ஆனால் கேட்கிறவர்கள் அதற்கு மேல் கேட்க மாட்டேன் என்கிறார்களே. தீக்குள் ஏன் போனார் என்பதைப் புலவர் ஒரு மணி நேரம் பேசுவார், தீ ஏன் வந்தது என்பதைப் பேச ஒரு நாதி கிடையாது. அது எழுதி முடித்த விசயம். விசாரணைக்கு வந்த அதிகாரி எழுதிவிட்டுப் போய்விட்டார்: தொழிலாளி முப்பிடாதி மருந்தைக் கவனக்குறைவாக ஓங்கித் தட்டிச் செலுத்தியதால் ஏற்பட்ட விபத்து. அந்த ஒரு வரியை ஊர் இழுத்து நீட்டி எவ்வளவு தூரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அவ எப்பவுமே துறுதுறுன்னு இருப்பா, கை நிதானம் கிடையாது. அவ கவனம் கோயில் பொங்கல்லதான் இருந்துச்சு. அவ ஒருத்தியால ஒரு நல்ல மனுசன் போயிட்டான். முப்பிடாதியின் புருசன் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டான். இந்த வருசம் ஒரு வாரம் முந்தியே வந்துவிட்ட அம்மன் கோயில் பொங்கலில் முப்பிடாதி வீட்டுப் பானை மட்டும் கடைசியில் தனியாகப் பொங்கியது. பக்கத்தில் பானை வைக்க ஒருத்தியும் வரவில்லை. இந்தப் பக்கம் பட்டுத் துணிக்குள் ஆளுயரப் படம், அந்தப் பக்கம் அரிசிப் பானைக்குப் பின்னால் அவள். இதுக்குப் பெயர் நியாயமா? ரெண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே நிமிசத்தில் செத்தவர்கள். ஒருத்தருக்கு மாலை, ஒருத்திக்குத் திட்டு. சொல்லப் போனால் ஒருத்தருக்கு மாலை விழ வேண்டும் என்றுதான் ஒருத்திக்குத் திட்டு விழுகிறது என்று வடிவுக்குத் தோன்றியது.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருக்கிறாள். காலையில் பல் விளக்கும்போதே தீர்மானம். மைக்கைப் பிடித்து, என் தங்கச்சி தட்டி வெடிக்கவில்லை, முந்தின நாள் மிச்ச மருந்து அது, அதை வைக்கச் சொன்னது போர்மேன், என்று மூணே வரி. கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிஞ்சினால் தண்ணித் தொட்டியில் கொட்டிவிட வேண்டும். ராத்திரி வைத்திருந்தால் ஈரம் பிடித்துச் சூடேறி உள்ளுக்குள்ளேயே கனிந்து நிற்கும், கை பட்டால் போதும். மிச்ச மருந்தை ராத்திரி வைக்கக் கூடாது, போர்டில் ஒன்பதாவது வரி. பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். போர்மேனுக்குத் தெரியாதா? தெரிந்தும் வைத்தார். அந்த மத்தியானம் மழையில் எல்லோரும் ஓடிவிட்டார்கள், அறையில் இருந்தது மூணே பேர்தான், போர்மேன், வடிவு, முப்பிடாதி. ரெண்டு பேர் செத்தாச்சு. மிச்சம் இருக்கிற வாய் ஒரே வாய். அந்த வாயைத் திறந்தால் முப்பிடாதி பெயர் கழுவப்படும், திறக்காவிட்டால் இன்றைக்குப் பட்டுத் துணியோடு சேர்த்து அவள் கதையும் முடிந்தது. கூடத்துக்கே அவர் பெயர் வைக்கப் போகிறார்கள். கல்லில் வெட்டிய பிறகு எவன் கேட்பான்? ஏன், சொல்ல வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். யோசிக்க ஒன்றும் இல்லை.

முதல் வரிசையில் குருவம்மா உட்கார்ந்திருந்தாள், தவசிலிங்கத்தின் பெண்சாதி. காதில் கழுத்தில் ஒன்றுமில்லை. மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு, புலவரைப் பார்க்காமல், பச்சைத் துணியைப் பார்க்காமல், வடிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னத்துக்குப் பார்க்கிறாள்? ஒரு வருசமாக இப்படித்தான். சந்தையில் பார்த்தால் நிற்பாள், எப்படி இருக்க என்பாள், கையைப் பிடித்துப் பார்ப்பாள், தோல் ஆறிருச்சா என்பாள். பரிவு மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தப் பிடியில் ஒரு கணக்குக் கேட்கிற தோரணை இருக்கும், என் புருசன் உயிரைக் கொடுத்து வாங்கின சாமான் நல்லா இருக்கான்னு தட்டிப் பார்க்கிற மாதிரி. வடிவு கையை உருவிக்கொள்வாள். என்னை ஏன் பார்க்கிற? போய் உன் புருசனைக் கேளு. ஊரில் எவன் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், நீயாவது ஒரு நாள் நிறுத்திவைத்துக் கேட்டிருக்கக் கூடாதா? சைக்கிளைக் கேட்டால் சைக்கிள், லீவு கேட்டால் லீவு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மானேஜருக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார். தங்கமான மனுசன் என்பார்கள் சனங்கள். தங்கமான மனுசன்தான். தங்கத்தை வைத்து வெடி மருந்துக்குக் காவல் போட்டால் விளங்குமா? அங்கே இரும்பு வேண்டும். சே, அங்கே இரும்பே கூடாது. என்ன நினைக்கிறேன் நான் என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

புலவர் உட்கார்ந்து பட்டாசு ஆபீஸ் மானேஜர் எழுந்தார். மஞ்சள் சட்டை, தலைக்குச் சாயம். வந்ததற்கு அவருக்கு ஒரு பொன்னாடை. “எங்க நிறுவனத்துக்கே அவர் ஒரு தூண்” என்று ஆரம்பித்தார். தூணாம். மழை மேகம் திரண்டதுமே காரைக் கிளப்பிக்கொண்டு போன மகராசன் பேசுகிறார். இவருக்கும் போர்மேன் நல்லவராக இருக்க வேண்டும், சங்கத்துக்கும் போர்மேன் நல்லவராக இருக்க வேண்டும். ஒரு வருசமாக ஒருத்தரோடு ஒருத்தர் மோதிக்கொள்கிற ரெண்டு பேரும் ஒரே மேடையில் உட்கார்ந்து ஒரே ஆளைப் புகழ்கிறார்கள் என்றால் எவ்வளவு வசதியான பிணம் அது. அவர் தூண், முப்பிடாதி கவனக்குறைவு, ஆபீஸ் பத்தினி. தூ. ஆனால் முப்பிடாதி பெயரை அதிகாரியிடம் சொன்னது மானேஜர் இல்லை. அதை நினைக்க வேண்டாம் என்றுதான் மானேஜரின் சட்டைப் பொத்தானை எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, ரெண்டு, மூணாவது பிய்ந்து தொங்குகிறது. போன வருசம் ஆஸ்பத்திரியில் வாழை இலை மேல் படுத்திருந்தாள். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ. முகம் தெரியாத ஒரு ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டு, பேனாவைத் திறந்து, மெதுவாகத்தான் கேட்டார். “கடைசியா மருந்தைத் தொட்டது யாரும்மா?” முப்பிடாதி என்றாள். அது நெசம். முப்பிடாதிதான் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள், இழுத்த கையோடு வெளிச்சம் வந்தது. கேட்டதுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதானே? அந்த ஆள் எழுதிக்கொண்டு பேனாவை மூடிவிட்டார். அது எந்த நாள் மருந்து என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். வலி உயிரைப் பிடுங்குகிற நேரத்தில் கேட்காததை எல்லாம் சொல்ல யாருக்கு முடியும்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? மூணாவது பொத்தான் நூலில் ஆடிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு மழை ரெண்டு மணிக்கே பிடித்துவிட்டது. கோடை மழை, மின்னலோடு. வேலையை நிறுத்து, எல்லோரும் கிளம்பு என்று போர்மேன் அறை அறையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மற்ற அறைகளில் மருந்து தீர்ந்துபோயிருந்தது. ஏழாம் நம்பரில் மட்டும் அரைத் தட்டு மிச்சம். தொட்டியில் கொட்ட வேண்டும் என்று அவர்தான் தட்டைத் தூக்கினார். தூக்கினாரா இல்லையா? தூக்கினார். நெற்றியில் மழைத் தண்ணி வழிய, தட்டின் மேல் ஒரு சொட்டும் விழாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். மறுநாள் அம்மன் கோயில் பொங்கல். செலுத்த வேண்டிய குழாயை முடித்தால்தான் வெளியே விடுவார்கள். மருந்தைக் கொட்டிவிட்டால் காலையில் புதுசாகக் கலந்து கையில் வரப் பன்னிரண்டு மணியாகும், கோயிலுக்குச் சாயங்காலம்தான் போக முடியும். இருக்கிற மருந்தை வைத்து எட்டு மணிக்கே ஆரம்பித்தால் பதினொரு மணிக்குக் கிளம்பிவிடலாம். அப்போது யாரோ அதைச் சொன்னார்கள். யாரோ கேட்டார்கள், அவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். யாரோ. அறையில் மூணு பேர்தான் என்று இப்போதுதான் எண்ணிவிட்டு வந்தாள், அதற்குள் யாரோ எங்கிருந்து முளைத்தது? முப்பிடாதி கேட்கவில்லை. முப்பிடாதி, “கொட்டட்டும் விடுக்கா, சாயங்காலம் போவோம்” என்றுதான் சொன்னாள். அய்யோ, அவள் அதையும் சொன்னாளே. வடிவு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கழுத்துத் தோல் கிழிகிற மாதிரி இழுத்தது. இழுக்கட்டும்.

அவள்தான் கேட்டாள். “அண்ணே, கொட்டாதீக. வருசத்துக்கு ஒரு நாளு. காலையில மொத வேலையா இத முடிச்சிர்றோம்ணே, ஒங்க காலப் புடிச்சுக் கேக்கேன்.” சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கேட்டால் கிடைக்கும் என்று தெரியும். அவரிடம் கேட்டுக் கிடைக்காமல் போனதாகச் சரித்திரம் கிடையாது. அவர் தட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், முகத்தில் ஒரு சின்னச் சங்கடம் வந்தது. அந்தச் சங்கடத்தை அவள் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் மறுபடியும் ‘அண்ணே’ என்றாள். ரெண்டாவது அண்ணேக்குத் தலை ஆடிவிட்டது. “சரி தாயி, மூடி வை. காலையில நானே வந்து பாத்துட்டுத் தாரேன்” என்றார். காலையில் வந்து பார்க்கத்தான் செய்தார், மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார், கையை மேலே காட்டிச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. போ, போய் ஆரம்பிங்க என்றார். எட்டேகாலுக்கு வெடித்தது. இப்போது சொல்லு, யாரைத் திட்டுகிறாய் நீ ஒரு வருசமாக? கேட்டவளையா, கொடுத்தவரையா? கொடுத்தவரைத்தான். ஆமாம், அவரைத்தான் திட்டுவேன். நான் கூலிக்காரி, கேட்பேன். எனக்கு என்ன தெரியும்? தெரியும். ஒன்பதாவது வரி பச்சைப் பிள்ளைக்கும் தெரியும் என்று சொன்னது யார்? நான் கேட்பேன், எல்லோரும் கேட்பார்கள், கேட்கிற வாய்க்கு என்ன, முடியாது போடி என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன், ரெண்டு நாள் பேசியிருக்க மாட்டேன், என் தங்கச்சி இன்றைக்கு உசுரோடு இருப்பாள். ரெண்டு நாள் நான் பேசாமல் இருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? ஊர் நல்லவர் என்று சொல்வது நின்றுபோகுமா? அந்த நல்ல பேருக்காகத்தானே செத்தீர்?

அதுவும் பொய். நல்ல பேருக்காக எவனும் தீக்குள் போக மாட்டான். அவர் தோளில் தலைகீழாகத் தொங்கும்போது அவள் பார்த்தது அவர் முதுகுச் சட்டை இல்லாமல் இருந்ததைத்தான். தோலும் இல்லை. வேப்பமரத்தடியில் அவளை இறக்கியபோது அவர் நிற்க முடியாமல் முழங்காலில் விழுந்தார். மூணு பேரைத் தூக்கியாயிற்று. அதோடு விட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், பிழைத்தாலும் பிழைத்திருப்பார். அவர் உட்கார்ந்துவிட்டார், அது அவளுக்கு நல்லாத் தெரியும். உட்கார்ந்து, கையைத் தரையில் ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கிற எண்ணம் அந்த உடம்பில் இல்லை. அவள்தான் வெந்த கையால் அவர் காலைப் பிடித்தாள். “அண்ணே, முப்பிடாதி உள்ள கெடக்காண்ணே.” கூரை சரிய ஆரம்பித்துவிட்டது, ரெண்டு பேருக்கும் தெரியும். அவர் அவளைப் பார்த்தார், அதே சின்னச் சங்கடம். “அண்ணே” என்றாள். தலை ஆடியது. எழுந்து போனார். இந்தக் கூடத்தில் முந்நூறு பேர் இருக்கிறார்கள், இதை ஒருத்தருக்கும் அவள் சொன்னதில்லை. ராத்திரி தூக்கத்தில்கூட வாயை மூடிக்கொண்டு படுத்தவள் அவள். அப்படியானால் அவர் தியாகியா, கேட்டதைத் தட்ட முடியாத கோழையா? முதல்நாள் தலையாட்டியது குற்றம் என்றால் மறுநாள் தலையாட்டியது மட்டும் எப்படி வீரமாகும்? ரெண்டும் ஒரே தலையாட்டல்தானே. இதுக்கு மாலையா, செருப்பா? எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்போதே அவள் பெயர் காதில் விழுந்தது.

“அடுத்து, அண்ணன் தோள்ல சொமந்து வந்து காப்பாத்துன நம்ம சகோதரி சங்கரவடிவு நாலு வார்த்தை பேசிட்டு, படத்தைத் திறந்து வைப்பாங்க” என்றார் இருளப்பன். கை தட்டினார்கள். எழுந்து நடந்தாள். மைக் உயரமாக இருந்தது, இருளப்பன் வளைத்துக் கொடுத்தார்.

“என் தங்கச்சி முப்பிடாதி தட்டுனதுனால வெடிக்கல” என்றாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை, கூரையில் மோதித் திரும்பி வந்தது. “அது மொத நா மிச்ச மருந்து. ராத்திரி பூரா மூடி இருந்துச்சு. யாரு கை பட்டாலும் வெடிச்சிருக்கும். அவ கை பட்டுச்சு. மூடி வைக்கச் சொன்னது போர்மேன்.”

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூடம் எழுந்துவிட்டது. நாற்காலிகள் சாய்ந்தன. “எறங்குடி கீழ!” என்று ஒரு குரல். “நன்றி கெட்டவ! ஒன்னத் தூக்கினதுக்கு அந்த மனுசன் அங்கயே விட்டுருக்கலாம்!” என்று இன்னொரு குரல், அது பொம்பளைக் குரல். மானேஜர் பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியைப் பார்த்தார். இருளப்பன் முகம் கறுத்துப்போய் அவள் காதருகே, “என்ன தாயி பண்ற? வாபஸ் வாங்கு, மனசு சரியில்லாமப் பேசிட்டேன்னு சொல்லு” என்றார். அவள் சொல்லவில்லை. இப்போதே உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. வந்த வேலை முடிந்தது, முப்பிடாதி பெயர் கழுவியாச்சு, திட்டுவதை எல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். மூணு வரிதான் தீர்மானம். நாலாவது வரி யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. கேட்காததைச் சொல்லாமல் இருந்துதான் முப்பிடாதியை அரிசிப் பானைக்குப் பின்னால் அனுப்பினாள். மைக்கை மறுபடியும் பிடித்து அந்த நாலாவது வரியைச் சொன்னாள். அதற்குள் இருளப்பன் கண்ணைக் காட்டி மைக் செட்டை அணைத்துவிட்டார்கள். அவள் வாய் அசைந்ததுதான் தெரிந்தது, கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

குருவம்மா படியேறி வந்தாள். அவள் வருவதைப் பார்த்ததும் கூட்டம் அடங்கியது. அறையப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள், வடிவும் நினைத்தாள், கன்னத்தை ஒதுக்காமல் நின்றாள். குருவம்மா எதிரே வந்து நின்றாள்.

“கடேசியா என்னமோ சொன்னியே. என்ன சொன்ன?”

வடிவு வாயைத் திறந்தாள்.

“எங்கிட்டச் சொல்லாத” என்றாள் குருவம்மா. “அந்தத் துணிய இழு. அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

இருளப்பன் குறுக்கே வந்தார். குருவம்மா கையை நீட்டித் தடுத்துவிட்டாள். வடிவு கயிற்றைப் பிடித்தாள், வலது கையாலேயே. ஒரே இழுப்பில் பச்சைத் துணி சரிந்து மேடையில் விழுந்தது. ஆபீஸ் அடையாள அட்டைப் போட்டோவைப் பெரிதாக்கியிருந்தார்கள். போட்டுப் பழக்கமில்லாத கோட்டு ஒன்றை ஸ்டூடியோக்காரன் மாட்டிவிட்டிருந்தான். முகம் மட்டும் அவருடைய முகம்தான். யாராவது ஏதாவது கேட்டால் தலையாட்டத் தயாராக இருந்தார். ஒரு வருசமாக அவரைத் திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்தது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. தங்கச்சி பெயரைச் சொல்லி ஆரம்பிக்க நினைத்தாள், ஒன்பதாவது வரியைச் சொல்லி ஆரம்பிக்க நினைத்தாள். ரெண்டும் வரவில்லை.

“நான்தான் கேட்டேண்ணே” என்றாள் வடிவு. “ரெண்டு தடவையும் நான்தான் கேட்டேன். நீங்க முடியாதுன்னு சொல்லிருக்கணும்.”